குழாய் வழியாகப் பால் குடிக்கும் பச்சிளங்குழந்தை: மருத்துவமனையில் காத்திருக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், பிறக்கும்போது மூச்சுத்திணறலுக்கு ஆளானவர்கள், இதயக் கோளாறோ அன்னப்பிளவோ உள்ளவர்கள் எனத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகள் பலருக்கு, இரைப்பைவரை செல்லும் மெல்லிய குழாய் வழியாகத்தான் பால் கொடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் என்.ஐ.சி.யு. என்றும் எஸ்.என்.சி.யு. என்றும் அழைக்கப்படும் அந்தப் பிரிவுகளின் கதவுக்கு வெளியே அமர்ந்திருக்கும் தாய்மாரும் தந்தையரும் கேட்கும் கேள்விகளை, அந்தத் தாய்மார்களோடு பணியாற்றுகிறவள் என்ற முறையில் இங்கே தொகுத்திருக்கிறேன். இங்கே உள்ளவை பொதுவான விளக்கங்கள். உங்கள் குழந்தைக்கான முடிவை, அதைக் கவனிக்கும் மருத்துவரிடம் பேசியே எடுக்க வேண்டும்.

குழந்தைக்கு ஏன் குழாய் வைத்திருக்கிறார்கள்? நிலைமை அவ்வளவு மோசமா?

பிறந்த குழந்தை பால் குடிக்க வேண்டுமானால் சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாமல் நடக்க வேண்டும். அந்த ஒழுங்கு ஏறத்தாழ 34 வாரம் நிறையும்போதுதான் கைகூடுகிறது. 30 வாரத்தில் பிறந்த குழந்தை விரலை வைத்தால் சப்பத்தான் செய்யும்; ஆனால் வாய் நிறையப் பால் வந்தால் புரையேறி, பால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். நிறைமாதக் குழந்தையானாலும், இதயக் கோளாறு இருந்தால் நான்கு முறை சப்பியதும் களைத்துப்போய்விடும். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தைக்கு விழுங்கும் திறன் மந்தமாக இருக்கும். கீழ்த்தாடை மிகச் சிறிதாக அமைந்த குழந்தைக்கு நாக்கு பின்னுக்குச் சரிந்து மூச்சையே அடைக்கும்.

நம் வீடுகளில் மூக்குக் குழாயைப் பெரும்பாலும் முதியவர்களின் கடைசிக் காலத்தில்தான் பார்த்திருக்கிறோம். அதனால்தான் 'குழாய் போட்டுவிட்டார்கள்' என்றதும் பாட்டிமார் கலங்கிப்போகிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு வைக்கப்படும் குழாய் அந்த வகையைச் சேர்ந்ததன்று. குழந்தை வாயால் குடிக்கக் கற்றுக்கொள்ளும்வரை உடல் எடை குறையாமல் காக்க வைக்கப்படுவது அது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் எடுக்கப்பட்டுவிடும்.

குழாய் சரியான இடத்தில் இருப்பது எப்படித் தெரியும்? குழந்தைக்கு வலிக்குமா?

மூக்கு நுனியிலிருந்து காதுமடல் வரையும், அங்கிருந்து நெஞ்செலும்பின் முடிவுக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரையும் அளந்து, அந்த நீளத்துக்குக் குழாயைச் செலுத்துகிறார்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு மூக்குத் துவாரம் மூச்சுக்கே வேண்டியிருப்பதால் வாய் வழியாகச் செலுத்துவதும் உண்டு. செலுத்தும் அந்தச் சில நொடிகள் குழந்தைக்குக் கட்டாயம் தொந்தரவாக இருக்கும். குமட்டும், அழும், சில சமயம் இதயத்துடிப்பு குறையும். உள்ளே அமர்ந்த பிறகு பெரும்பாலான குழந்தைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

குழாயில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் கோடுகளில் எந்தக் கோடு மூக்கின் ஓரத்தில் இருக்கிறது என்பதைச் செவிலியரிடம் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் மாறியிருந்தால் குழாய் நகர்ந்திருக்கிறது என்று பொருள். குழாயிலிருந்து சிறிது இரைப்பை நீரை இழுத்து, அதன் அமிலத்தன்மையைக் காட்டும் தாளில் சோதிப்பது நல்ல முறை, பி.ஹெச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குழாய் இரைப்பையில் இருப்பதாகக் கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். காற்றை ஊதி, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதை மட்டும் நம்புவது போதாது. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் இடம் சரிபார்க்கப்படுகிறதா என்று நீங்கள் பணிவாகக் கேட்பதை நல்ல செவிலியர் எவரும் குறையாக நினைக்க மாட்டார்.

இரண்டு மூன்று எம்.எல். பால்தான் கொடுக்கிறார்கள். பசிக்காதா?

முதல் நாட்களில் கொடுக்கப்படும் அந்தச் சிறிய அளவு வயிற்றை நிரப்புவதற்காகக் கொடுக்கப்படுவதன்று. குடலை வேலைக்குப் பழக்குவதே அதன் நோக்கம். உடலுக்கு வேண்டிய சர்க்கரையும் புரதமும் அப்போது நரம்பு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். குழந்தை தாங்கிக்கொள்வதைப் பார்த்து, நாளுக்கு நாள் பாலைக் கூட்டி, அதே அளவுக்கு டிரிப்ஸைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

முழு அளவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 150 முதல் 180 எம்.எல். ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 225 எம்.எல். வேண்டும், இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் பன்னிரண்டு வேளை, வேளைக்கு ஏறத்தாழ 19 எம்.எல். இந்தக் கணக்கை நீங்களே போடத் தெரிந்துகொண்டால், 'இன்று ஃபீட் எவ்வளவு கூட்டினீர்கள்?' என்று கேட்டு, வரும் பதிலைப் புரிந்துகொள்ள முடியும். முழுப் பாலுக்கு வந்த குறைமாதக் குழந்தை நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் வரை எடை கூடினால் நன்றாக வளர்கிறது எனலாம். பிறந்த முதல் வாரத்தில் எடை குறைவது இயல்பு; அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

குழந்தை உள்ளே, நான் வெளியே. எனக்குப் பால் சுரக்கவில்லையே?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைக்குத் தாய் மட்டுமே தரக்கூடியது ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து, மயக்கம் தெளிந்து, குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத தாய்க்கு முதல் நாளில் சில சொட்டுகள் மட்டுமே வருவது இயல்பு. மஞ்சள் நிறத்தில் கெட்டியாக வரும் அந்தச் சீம்பாலின் ஒவ்வொரு சொட்டும் நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்து. முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்திற்குள், முடியாவிட்டால் ஆறு மணி நேரத்திற்குள்ளாவது பாலைப் பீய்ச்சத் தொடங்க வேண்டும். சீம்பாலுக்குப் பம்பை விடக் கைதான் சிறந்தது. கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விட வேண்டும்; காம்பைப் பிடித்து இழுக்கவோ தோலை உரசவோ கூடாது. வருவதைச் சிறிய சிரிஞ்சிலோ கிண்ணத்திலோ பிடித்துக்கொள்ளலாம். அரை எம்.எல். கிடைத்தாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். குழாயில் விடும் அளவு இல்லாவிட்டாலும், குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் தடவிவிடுவார்கள்.

ஒரு நாளைக்குக் குறைந்தது எட்டு முறை, அதில் ஒரு முறையாவது நள்ளிரவுக்குப் பின், பாலை எடுக்க வேண்டும். பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் இரவில் கூடுதலாக இருப்பதால், 'தாய் தூங்கட்டும்' என்று இரவு முழுவதும் விட்டுவிட்டால் சில நாட்களிலேயே பால் குறையத் தொடங்கும். பூண்டும் பால்சுறாப் புட்டும் சமைத்துத் தரும் அன்பை நான் மதிக்கிறேன், தாய் நன்றாகச் சாப்பிடவும் வேண்டும். ஆனால் மார்பைக் காலி செய்தால்தான் பால் ஊறும்; எந்தப் பத்தியமும் அதற்கு மாற்றாகாது. குழந்தையைத் தொட்டுவிட்டு வந்த உடனேயும், குழந்தையின் துணியை முகர்ந்துகொண்டும் எடுத்தால் பால் எளிதாக இறங்குவதைப் பல தாய்மார்களிடம் பார்த்திருக்கிறேன்.

எடுத்த பாலுக்குப் பெயர், தேதி, நேரம் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் அதைவிடவும் முன்னதாகவே குளிர்பெட்டிக்குக் கொண்டுபோய்விடுங்கள். குளிர்பெட்டியில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதில் அந்தந்த வார்டின் விதியைப் பின்பற்றுங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காமல், வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்தில் வைத்துக் குளிரைப் போக்கினால் போதும்.

எனக்குப் பால் போதாதபோது, தாய்ப்பால் வங்கியின் பாலைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். உங்கள் பாலுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் தாய்ப்பால் வங்கிகள் இயங்குகின்றன. தானம் தரும் தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, பால்வினை நோய் ஆகியவற்றுக்கான பரிசோதனை செய்யப்படுகிறது, பால் 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டு உறையவைக்கப்படுகிறது. பிறர் பாலா என்ற தயக்கம் சில குடும்பங்களில் வருவதுண்டு. மிகச் சிறிய குழந்தைக்குப் பவுடர் பாலைவிட இந்தப் பால் குடல் அழுகல் நோயின் ஆபத்தைக் குறைக்கிறது என்பது உறுதிப்படுத்தப்பட்ட உண்மை. ஆனால் பக்கத்துக் கட்டில் தாயிடம் நேரடியாகப் பால் வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம். பரிசோதனையும் பதப்படுத்தலும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

வீட்டில் சேனை வைக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு சொட்டுத் தேன் என்ன செய்துவிடும்?

வேண்டாம். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பும் ஜாதிக்காயும் உரைத்த உரை மருந்து, கிரைப் வாட்டர் ஆகிய எதுவும் வாயிலும் கூடாது, குழாயிலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடியது. அதிலும் இப்போதுதான் பாலுக்குப் பழகும் குடலுக்கு எந்த அந்நியப் பொருளும் ஆபத்து. பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தயங்கினால், மருத்துவரையே அவர்களிடம் ஒருமுறை பேசச் சொல்லிக் கேளுங்கள். சடங்கு நடந்தாக வேண்டும் என்றால், தாயின் சீம்பாலையே, செவிலியரின் அனுமதியோடு, மாமனோ பாட்டியோ கைகழுவிவந்து குழந்தையின் உதட்டில் தொட்டு வைக்கலாம்.

செவிலியர்தான் எல்லாம் செய்கிறார்கள். எனக்கு அங்கே என்ன வேலை?

மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு வழிகாட்டுதல், எஸ்.என்.சி.யு.-வில் பெற்றோர் உள்ளே வந்து, பயிற்சி பெற்று, குழந்தையைக் கவனிக்க வேண்டும் என்றே கூறுகிறது. ஆகவே 'எனக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்பது உங்கள் உரிமை. எல்லா வார்டுகளிலும் இடமும் ஆளும் போதுமான அளவில் இருப்பதில்லை என்பதும் உண்மையே. செவிலியர் சற்று ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் கேளுங்கள்.

பால் விடும் முறை இப்படி இருக்கும். வளையல், மோதிரம், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். குழாயின் இடம் சரிபார்க்கப்பட்ட பிறகு, சிரிஞ்சின் தண்டை வெளியே எடுத்துவிட்டு, வெறும் கூட்டைக் குழாயில் பொருத்தி, அதில் அளந்த பாலை ஊற்றுவார்கள். அந்தக் கூட்டைக் குழந்தையின் வயிற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்திருக்க வேண்டும். பால் தானாகவே இறங்கும். பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். வேகமாக இறங்கினால் கையைச் சற்றுத் தாழ்த்துங்கள், நின்றுபோனால் சற்று உயர்த்துங்கள். தண்டைச் செருகித் தள்ளக் கூடாது. இருமல் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மானிட்டர் ஒலித்தாலோ குழாயை உடனே மடித்துப் பிடித்து, செவிலியரை அழையுங்கள்.

பால் இறங்கும் அந்த நேரத்தில் குழந்தையை வெறுமனே படுக்க வைத்திருக்காமல், மடியிலோ மார்பிலோ வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். வயிறு நிறையும் உணர்வும் தாயின் மணமும் ஒன்றாக வந்தால், பின்னாளில் குழந்தை மார்பைத் தேடிப் பழகுவது எளிதாகும். வாயைச் சுற்றிக் குழந்தைக்குக் கிடைக்கும் அனுபவமெல்லாம் பிளாஸ்டரும் உறிஞ்சுகுழாயுமாகவே இருந்தால், பிறகு எதை வாயருகே கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

குழாயோடு இருக்கும் குழந்தையை மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளலாமா? அப்பா செய்யலாமா?

இரண்டுக்கும் பதில், ஆம். கங்காரு பராமரிப்பு என்னும் இந்த முறை, இன்குபேட்டர் போதாத கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் 1970-களின் இறுதியில் தொடங்கியது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்டவர்களிடையே முதல் 28 நாட்களின் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், உயிர்காக்கும் அவசரச் சிகிச்சை தேவைப்படாத குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இதைப் பரிந்துரைத்தது. மூக்கில் குழாய் இருப்பது தடையே இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் குழந்தையை வைத்துக்கொள்ளத் தந்தையர் முதலில் கூச்சப்படுகிறார்கள். அரை மணி நேரம் கழித்துக் குழந்தையை வாங்கப் போனால் தர மறுக்கிறார்கள்.

நேற்று வரை நன்றாகக் குடித்தது. இன்று ஃபீடை நிறுத்திவிட்டார்களே?

வயிறு உப்பியிருப்பது, பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது, மலத்தில் இரத்தம் தெரிவது, குழந்தை திடீரெனச் சோர்ந்து மூச்சை மறப்பது ஆகிய அறிகுறிகள், குடலின் சுவர் புண்பட்டு அழுகும் நோயைக் காட்டக்கூடும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் மிக அபாயமான நோய்களுள் அது ஒன்று. சந்தேகம் வந்தாலே பாலை நிறுத்தி, ஆன்டிபயாட்டிக் தொடங்கி, எக்ஸ்ரே எடுப்பதுதான் சரியான செயல். பல சமயங்களில் ஓரிரு நாட்களில் சந்தேகம் தீர்ந்து பால் மீண்டும் தொடங்கும். அந்த நாட்களிலும் பாலை எடுத்துச் சேமிப்பதை நிறுத்திவிடாதீர்கள். குழந்தை லேசாகக் கக்குவதும் குழாயில் சிறிது வெண்ணிறப் பால் மீதி வருவதும் மட்டும் இதன் அறிகுறிகள் ஆகா.

எப்போது வாயால் குடிக்கும்?

ஒரே நாளில் குழாயை எடுத்துவிட்டு மார்புக்கு மாற்றுவதில்லை. முதலில், பால் எடுத்துக் காலி செய்த மார்பில் குழந்தையைச் சப்பவிடுவார்கள். பிறகு ஒரு வேளை பாலாடை என்னும் மூக்குள்ள சிறு கிண்ணத்தில், அடுத்த வேளை குழாயில் என்று மாறிமாறிப் போகும். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையே இன்று மருத்துவமனைகளின் முறையான கருவியாகியிருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அதன் மூக்கைக் குழந்தையின் உதட்டோரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்து, குழந்தை தானாக நக்கி விழுங்கியபின் அடுத்த சொட்டைத் தர வேண்டும். வாய்க்குள் ஊற்றிவிடக் கூடாது. புட்டிப்பால் ரப்பரைத் தவிர்க்கச் சொல்வார்கள், ஏனெனில் அதைக் கழுவிச் சுத்தமாக வைப்பது கடினம். மார்பில் குடிக்கும் பழக்கத்துக்கும் அது இடையூறாகலாம். முன்னேற்றம் நேர்கோட்டில் இருக்காது. தடுப்பூசி போட்ட நாளிலும் சளி பிடித்த நாளிலும் குழந்தை மறுபடியும் குழாயை நாடும்.

ரவுண்ட்ஸில் மருத்துவர் ஒரு நிமிடம் நின்று போய்விடுகிறார். முடிவுகளில் எங்களுக்கு என்ன பங்கு?

அவசர நிலை தவிர, குழந்தைக்குச் செய்யும் ஒவ்வொரு முக்கியச் சிகிச்சைக்கும் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டியது மருத்துவரின் கடமை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அந்த விளக்கத்துக்கு ஈடாகாது. கையெழுத்திடும் முன், இதை ஏன் செய்கிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி இருக்கிறதா, எதைப் பார்த்து இது பலித்தது என்று முடிவு செய்வீர்கள் என்பவற்றைக் கேளுங்கள். ஒரு சிறிய நோட்டில் தேதிவாரியாக எடை, பாலின் அளவு, மருத்துவர் சொன்னது, உங்கள் சந்தேகம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். எதிரில் நோட்டோடு நிற்கும் தாயிடம் மருத்துவர்கள் கூடுதலாகப் பேசுவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

பெரிய முடிவு என்றால், ரவுண்ட்ஸ் நேரத்தில் பேசாமல், தனியாக உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கேளுங்கள். தாய் வார்டில் படுத்திருக்க, தந்தையிடமும் மாமனாரிடமும் மட்டும் சொல்லி, 'அவளுக்குத் தெரிய வேண்டாம்' என்று மறைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பினால் செய்வதானாலும் அது தவறு என்பது என் உறுதியான கருத்து. பாலைத் தருகிறவளுக்கும் நாளை குழந்தையை வளர்க்கப்போகிறவளுக்கும் தெரியாமல் எடுக்கும் முடிவு நிலைப்பதில்லை.

மூக்குக் குழாயை எடுத்து வயிற்றில் குழாய் வைக்க வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பல வாரங்களுக்கு மேலும் குழாய் தேவைப்படும் என்று தெளிவாகும்போதுதான் இந்தப் பேச்சு எழும். மூளைப் பாதிப்பால் விழுங்கவே இயலாத குழந்தை, உணவுக்குழாய் முழுமையாக உருவாகாத குழந்தை, திரும்பத் திரும்பப் புரையேறி நிமோனியா வரும் குழந்தை ஆகியோருக்கு இது பெரிதும் உதவுகிறது. மூக்கில் குழாய் நீண்ட நாள் இருந்தால் மூக்கோரம் புண்ணாகும், அடிக்கடி பிடுங்கப்படும், ஒவ்வொரு முறையும் தவறான இடத்துக்குப் போகும் அபாயம் தொடரும். வயிற்றுக் குழாய் சட்டைக்குள் மறைந்திருக்கும். முகமும் வாயும் உண்ணப் பழகுவதற்குத் திறந்திருக்கும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை அது. குழாயைச் சுற்றிச் சீழ், கசிவு, சிவந்த சதை வளர்ச்சி ஆகியவை வரலாம். இரைப்பையிலிருந்து பால் மேலே திரும்பி வரும் எதிர்க்களிப்பு அதிகமாக உள்ள குழந்தைக்கு இதனால் மட்டும் அது சரியாகிவிடாது. இது நிரந்தரம் என்ற அச்சம்தான் பெற்றோரைப் பெரிதும் தடுக்கிறது. குழந்தை வாயால் போதுமான அளவு உண்ணத் தொடங்கிய பின் குழாயை எடுத்துவிடலாம். துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், மூடாவிட்டால் சிறிய அறுவை செய்து மூடுவார்கள். குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் பேசுவதோடு, ஏற்கெனவே இப்படிக் குழாய் வைத்த குழந்தையை வீட்டில் வளர்க்கும் தாயொருவரைப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். அந்த ஒரு சந்திப்பு படிவத்தில் எழுதியிருப்பதைவிடத் தெளிவு தரும்.

குழந்தை பிழைப்பது கடினம் என்கிறார்கள். எதுவரை தொடர்வது?

இந்தக் கேள்விக்கு வெளியாள் எவரும் பதில் சொல்லிவிட முடியாது. பதிலைத் தேடும் வழியை மட்டுமே சொல்ல முடியும். முதலில், மருத்துவர் சொல்வது உயிர் பிழைப்பதைப் பற்றியா, பிழைத்தபின் வரக்கூடிய குறைபாட்டைப் பற்றியா என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டும் வேறு. குறைபாட்டோடு வாழ்ந்து, குடும்பத்துக்கு மகிழ்ச்சியாக இருக்கும் குழந்தைகள் ஏராளம். வேண்டுமானால் வேறொரு மருத்துவமனையின் நிபுணரிடமும் கருத்துக் கேளுங்கள். அதற்குக் கோப்பின் நகலைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

குணமாக வாய்ப்பில்லை என்று உறுதியான நிலையில், வலி நிவாரணமும் அணைப்பும் முதன்மையாகும் பராமரிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். உயிர்காக்கும் கருவிகளை விலக்குவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் வழங்கிய தீர்ப்பையும் 2023-இல் அதில் செய்த எளிமையாக்கத்தையும் ஒட்டி, மருத்துவமனை இரண்டு நிலை மருத்துவக் குழுக்களை அமைத்து, குடும்பத்தின் ஒப்புதலோடு முடிவு செய்ய வேண்டும்; எந்தத் தனி மருத்துவரும் வாய்மொழியாகச் செய்யக்கூடியதன்று அது. குழாய்ப் பாலைப் பற்றிய கேள்வியும் அங்கே எழும். உறுப்புகள் செயலிழந்துவரும் குழந்தைக்குப் பால் வாந்தியையும் திணறலையுமே கூட்டுகிறது என்றால், அளவைக் குறைத்து, உதட்டில் தாய்ப்பாலைத் தொட்டுவைத்து, மார்போடு அணைத்திருப்பதும் ஊட்டுவதுதான். தொடர்ந்து சிகிச்சை வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் பேராசைக்காரர் அல்லர். போதும் என்று சொல்லும் பெற்றோர் கைவிட்டவரும் அல்லர். உறவினர் எவரும் இந்த முடிவைக் குறித்துப் பின்னாளில் குத்திப் பேச இடம் கொடாதீர்கள்.

பணம் தீர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாமா?

தயவுசெய்து அதற்கு முன் மூன்று வழிகளைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம். பின்னர் இது ஒரு வயது வரையிலான குழந்தைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. தனியார் மருத்துவமனையால் தொடர முடியாதபோது, சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற அரசு மையத்துக்கோ மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, இடம் இருப்பதை முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொண்டு, 108 ஆம்புலன்ஸில் மாற்றுமாறு கேட்கலாம். குழாயில் பால் குடிக்கும் குழந்தையை எந்த ஏற்பாடும் இல்லாமல் பேருந்திலோ ஆட்டோவிலோ கொண்டுபோவது மட்டும் வேண்டாம்.

எனக்கு எப்போதும் அழுகையாக வருகிறது. குழந்தை மேல் பாசமே வரவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒயர்களுக்கு நடுவே கிடக்கும் குழந்தையைப் பார்த்து மரத்துப்போவது பாசமின்மை ஆகாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, தன்னையோ குழந்தையையோ தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் ஆகியவை இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. தீங்கு செய்யும் எண்ணம் எழுந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பிரசவ அறுவைத் தையல் ஆறாத நிலையில் வார்டின் வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, வேளைக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கிறதா என்று பார்ப்பது குடும்பத்தாரின் முதல் வேலை.

குழாயோடு வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

போகும் முன், வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகும் இருவர், செவிலியர் பார்த்திருக்க, பால் விடுவதைப் பலமுறை தாங்களே செய்து காட்டியிருக்க வேண்டும். குழாயின் வகை, அளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், யார் மாற்றுவார்கள் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். சாதாரணக் குழாய்களைச் சில நாட்களிலும் சிலிக்கான் குழாய்களைச் சில வாரங்களிலும் மாற்ற வேண்டியிருக்கும். மூக்குக் குழாய் பாதி வெளியே வந்துவிட்டால் திரும்பத் தள்ளாதீர்கள். பால் விடுவதை நிறுத்திவிட்டு, மருத்துவமனை சொல்லிக்கொடுத்தபடி செய்யுங்கள். வயிற்றுக் குழாய் கழன்றுவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும் என்பதால், சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். பச்சை வாந்தி, வயிறு உப்பல், மூச்சுத்திணறல், நீலம் பாய்தல், பாலை முழுவதுமாக மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் நேரம் பாராமல் 108-ஐ அழையுங்கள்.

தடுப்பூசிகள் பிறந்த தேதியைக் கணக்கிட்டே போடப்படும். இணை உணவு தொடங்குவதை மட்டும், எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணி, மருத்துவர் முடிவு செய்வார். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் பிறந்த நான்கு வாரத்துக்குள், மிகச் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்பே, விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். குழாய் பற்றிய கவலையில் அந்தத் தேதியைத் தவறவிட்டுவிடாதீர்கள். விழுங்கும் பயிற்சியும் வளர்ச்சிக்கான பயிற்சியும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. டிஸ்சார்ஜ் தாளிலேயே அந்த மையத்துக்கான பரிந்துரையை எழுதித் தருமாறு கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.